‘ஸ்கேன்தான் எடுத்தாச்சே, மறுபடி எதற்கு?’

மூளைக்காய்ச்சலில் பிழைத்து வந்த குழந்தைகளின் காதைப் பற்றி இந்தப் பகுதியில் சில வரிகள் எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பெரும்பாலானவர்கள் சொல்லியிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன். இன்னொன்று, நம் ஊரில் தலைக்கு ஏறிய எந்தக் காய்ச்சலையும் மூளைக்காய்ச்சல் என்றுதான் சொல்கிறோம். இங்கே நான் சொல்வது மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பாக்டீரியா தொற்றி வரும் காய்ச்சல், டாக்டர்கள் மெனிஞ்ஜைடிஸ் என்று எழுதுவார்களே, அது.

கேள்வி: என் பையனுக்கு ஒரு வயது பத்து மாதம். ஒன்றரை மாதத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். உயிர் பிழைத்தது கடவுள் புண்ணியம். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பெரா டெஸ்ட்டில் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்பதிலை அளப்பது) இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை என்று வந்துவிட்டது. காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) வைக்க வேண்டும், அதற்கு சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுத்து வாருங்கள் என்கிறார் காது டாக்டர். அட்மிட் ஆன நாலாம் நாளே தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து மூளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே? மறுபடி மயக்கம் கொடுக்க மனசு வரவில்லை. ஸ்கேன் சென்டரில் சி.டி. மட்டும் போதும் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஆறு மாதம் காது மெஷின் மாட்டிப் பாருங்கள், தானாக வரும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

உங்கள் காது டாக்டர் பேச்சை, அதுவும் இந்த வாரமே.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. முதலில் அந்தப் பழைய எம்.ஆர்.ஐ. அது மூளையைப் பார்க்க எடுத்தது. மூளையைப் பார்க்கும்போது படத்தை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாக எடுப்பார்கள், ரொட்டியை அறுப்பதுபோல. நாம் பார்க்க வேண்டிய காக்ளியா, அதாவது உள்காதில் இருக்கும் நத்தைச் சுருள், அடியில் 9 மில்லிமீட்டர் அகலம், உயரம் 5 மில்லிமீட்டர் சுமார். ஒரு கொண்டைக்கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான துண்டில் அது ஒன்றிலோ இரண்டிலோ வந்துவிட்டுப் போய்விடும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. காதுக்கென்று எடுக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் எடுப்பார்கள். மெஷின் அதேதான், படம் வேறு.

அதைவிடப் பெரிய விஷயம் தேதி. அந்தப் படம் நாலாம் நாள் எடுத்தது, இன்று ஆறு வாரம் ஆகிவிட்டது. இந்த ஆறு வாரத்தில் காதுக்குள் என்னென்னவோ நடந்திருக்கலாம்.

மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் உள்காதில் இருக்கும் நீருக்கும் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு சின்னக் கால்வாய் இருக்கிறது. கிருமியும் அதன் நஞ்சும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் காதுக்குள் வருகின்றன, காது நரம்பு போகும் குழாய் வழியாகவும் வருவதுண்டு. கேட்கும் திறன் போவது பெரும்பாலும் காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே. குழந்தை நினைவில்லாமல் கிடக்கும்போது அதை யார் கவனிக்கப் போகிறோம்? கிருமி செத்துவிடும், ஆன்டிபயாட்டிக் அதன் வேலையைச் செய்துவிடும். ஆனால் புண்பட்ட இடத்தை உடம்பு ஆற்றும் விதம்தான் சிக்கல். உள்காது நீர் இருந்த இடத்தில் முதலில் மெல்லிய நார் படரும், இரண்டாவது வாரத்திலேயே தொடங்கலாம். பிறகு அந்த நார் எலும்பாகும். சில குழந்தைகளுக்கு ஒரு மாதம், இரண்டு மாதத்திலேயே, சிலருக்கு மெதுவாக வருடக்கணக்கில். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் யாருக்கு ஆகும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிமோகாக்கஸ் என்ற கிருமியால் வந்த காய்ச்சல் என்றால் கவலை அதிகம். அதில் பிழைக்கும் குழந்தைகளில் பத்தில் மூன்று பேருக்கு ஏதோ ஓர் அளவில் காது பாதிக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் தண்டுவட நீர்ப் பரிசோதனையில் எந்தக் கிருமி வந்தது என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

இளநீர் வெட்டத் தெரிந்த யாருக்கும் இது புரியும். முதலில் வெறும் தண்ணீர். பிறகு வழுக்கை. விட்டுவிட்டால் முற்றின தேங்காய். காக்ளியாவுக்குள் நடப்பதும் அதே வரிசைதான், என்ன, தேங்காய்க்கு அது இயற்கை, காதுக்கு அது கேடு. இப்போது ஸ்கேனுக்கு வாருங்கள். சி.டி.க்கு எலும்பு நன்றாகத் தெரியும், அதாவது முற்றின தேங்காய் தெரியும். தண்ணீருக்கும் வழுக்கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நார் அடைத்த காக்ளியாவும் நல்ல காக்ளியாவும் சி.டி.யில் ஒன்றுபோலவே இருக்கும். முன்பெல்லாம் சி.டி.யை மட்டும் நம்பி உள்ளே போய், திறந்து பார்த்தால் அடைப்பு, டாக்டருக்கு வியர்த்த கதைகள் நிறைய உண்டு. எம்.ஆர்.ஐ.யில் நீர் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். சுருளில் எங்கே அந்த வெள்ளை காணாமல் போகிறதோ அங்கே ஏதோ அடைத்திருக்கிறது. ஆனால் அடைத்திருப்பது நாரா எலும்பா என்று அதற்குத் தெரியாது, இரண்டுமே கறுப்புதான். அதனால்தான் இரண்டும் கேட்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை முழுசாகும்.

எம்.ஆர்.ஐ.யில் இன்னும் இரண்டு லாபம் உண்டு. ஒன்று, காது நரம்பே தெரியும். நரம்பு இல்லாமல் கருவி வைத்துப் பிரயோஜனம் இல்லை. இரண்டாவது, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்தால், உள்காதில் புண் இன்னும் கனன்றுகொண்டிருந்தால் அந்த இடம் மினுங்கும். அடைப்பு வருவதற்கு முன்பே வரப்போவதைச் சொல்லும் அடையாளம் அது. காய்ச்சல் முடிந்த முதல் சில வாரங்களில் இது மிகவும் உதவும். ஊசிக்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

சி.டி. எதற்கு என்றால், எலும்பு அடைப்பைத் தவிர, முக நரம்பு எங்கே ஓடுகிறது, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் காற்று அறைகள் எப்படி, பெரிய ரத்தக்குழாய் ஏதும் குறுக்கே வருகிறதா என்பதெல்லாம் அதில்தான். டிரில் வைத்துக் குடையப் போகிறவருக்கு அது ரோடு மேப்.

இத்தனை அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். கருவியின் உள்பகுதியில் ஒரு மெல்லிய இழை இருக்கும், அதில் கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள். அந்த இழை சுருளுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நான் சொன்ன அந்தத் தலைமுடிக் கால்வாய் வந்து திறக்கும் இடமும், டாக்டர் இழையை உள்ளே விடும் வாசலும் கிட்டத்தட்ட ஒரே இடம். அடைப்பு பெரும்பாலும் வாசலிலேயே ஆரம்பிப்பது அதனால்தான். என்ன ராசியோ!

ஆறு மாதம் மெஷின் மாட்டிப் பார்ப்பது பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்குச் சொல்லும் கணக்கு. அங்கேகூட இத்தனை நாள் வேண்டுமா என்று பேச்சு உண்டு. மூளைக்காய்ச்சல் குழந்தைக்கு அந்தக் கணக்கைப் போடக் கூடாது. காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் கொஞ்சம் திரும்புவது உண்மைதான், அதற்காக பெராவைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம், ஆனால் ஸ்கேன் அதற்காகக் காத்திருக்காது. ஸ்கேனில் அடைப்பு தொடங்கியிருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே முறையில் வைத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சுருள் சுத்தமாக இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனால் அடுத்த ஸ்கேன் எப்போது என்று தேதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஸ்கேனுக்கு எழுதும் சீட்டில் ‘மூளைக்காய்ச்சலுக்குப் பின் கேட்கும் திறன் இழப்பு, காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்காக’ என்று இருக்கிறதா பாருங்கள். வெறுமனே ‘காது ஸ்கேன்’ என்று போனால் படம் பார்ப்பவர் எதைத் தேடுவார்? ஃபிலிமும் ரிப்போர்ட்டும் போதாது, சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். (ஸ்கேனும் சி.டி., தட்டும் சி.டி., இந்தக் குழப்பத்தில் தட்டை வாங்க மறந்து திரும்ப அலைந்தவர்களை நான் அறிவேன்.) இம்ப்ளான்ட் வைக்கும் டாக்டர் கம்ப்யூட்டரில் தானே ஒவ்வொரு துண்டாகத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு மூளையைப் பாதிக்காதா? மயக்க மருந்தும் ஆபத்து என்கிறார்களே?
– வாசகர், கடலூர்

கதிர்வீச்சு உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காது எலும்பை மட்டும் குழந்தைக்கு ஏற்ற அளவில் ஒருமுறை எடுப்பதில் வரும் ஆபத்து மிகச் சின்னது, எடுக்காமல் விடுவதில் வரும் நஷ்டம் பெரியது. சும்மா சும்மா திரும்ப எடுக்காதீர்கள், அவ்வளவுதான். அடைப்பு வருகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தால் அதற்கு எம்.ஆர்.ஐ. இருக்கிறது, அதில் கதிர்வீச்சே கிடையாது.

மயக்கம் தேவைப்படுவது எம்.ஆர்.ஐ.க்காகத்தான். அந்தக் குழாய்க்குள் அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், சத்தம் வேறு – இந்தக் குழந்தைகளுக்குப் பாவம் சத்தம் ஒரு பொருட்டில்லை. சி.டி. சில நிமிடத்தில் முடிந்துவிடும். நான் எப்போதும் சொல்வது, ஒரே மயக்கத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ., முடிந்தால் பெராவையும் சேர்த்து முடித்துவிட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லா இடத்திலும் முடியாது, முடிகிற இடத்தில் கேட்டால்தான் செய்வார்கள். பட்டினி நேரத்தில் ஏமாற்றாதீர்கள். சாதம், பால் என்றால் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நாலு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான வழக்கம். உங்கள் மயக்க டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. குழந்தை அழுகிறதே என்று ஆயா ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிடுவார். அந்த பிஸ்கட்தான் ஆபத்து, மருந்து அல்ல.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. காய்ச்சலுக்கு முன் ஓடிக்கொண்டிருந்தவன், இப்போது உட்கார வைத்தாலே சாய்கிறான். கால் பலவீனம், எக்சர்சைஸ் செய்யுங்கள் என்றார்கள். என் மருமகள் சமையல்கட்டில் தட்டைக் கீழே போட்டாள், அவன் திரும்பவே இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு பாட்டி, தஞ்சாவூர்

அம்மா, நீங்கள் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவர். சம்பந்தம் உண்டு.

உள்காதில் கேட்பதற்கு ஒரு நத்தைச் சுருள், அதோடு ஒட்டி உடம்பை நிலைநிறுத்துவதற்கு மூன்று அரைவட்டக் குழாய்கள். எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது ஒரே நீர். கிருமி வந்தால் பாரபட்சம் பார்க்காது. எம்.ஆர்.ஐ.யில் பல குழந்தைகளுக்குப் பக்கவாட்டு அரைவட்டக் குழாயில்தான் முதலில் வெள்ளை மறைவது தெரியும், சுருள் அப்போது நன்றாகவே இருக்கும். அந்தக் குழாயில் மாற்றம் தெரிந்தால் சுருளிலும் வரலாம் என்று நாங்கள் உஷாராகிவிடுவோம்.

ஆகவே மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு நடை மறந்த குழந்தைக்குக் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கால் பலவீனமும் இருக்கலாம், அதை நரம்பு டாக்டர் பார்க்கட்டும், ஆனால் பெரா இன்றைக்கே. உண்மையில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் முன், தாமதமானால் நாலு வாரத்துக்குள், எல்லா மூளைக்காய்ச்சல் குழந்தைக்கும் காது பரிசோதனை நடந்திருக்க வேண்டும். பல வீடுகளில் ‘பிழைத்து வந்ததே போதும்’ என்ற நிம்மதியில் அது விட்டுப்போகிறது, அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய.

நடை வரும். கண்ணும் காலும் சேர்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும், சில மாதங்கள் ஆகும். ஆனால் இருட்டில் தடுமாறுவான். பெரியவனான பிறகும் தண்ணீருக்குள் மூழ்கினால் மேல் எது கீழ் எது என்று அவனுக்குத் தெரியாமல் போகலாம். தஞ்சாவூர் என்கிறீர்கள், வாய்க்காலும் குளமும் பக்கத்தில் இருக்கும். ஆள் இல்லாமல் இறங்க விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்புப் பையனுக்குப் போன மாதம் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு ஒரு காது முழுதாகப் போய்விட்டது. இன்னொன்று மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கிறது. ‘ஒரு காது போதும் சார், ஆபரேஷன் எல்லாம் எதற்கு’ என்கிறார் அப்பா. நான் என்ன சொல்வது?
– ஆசிரியர், திருநெல்வேலி

ஆபரேஷன் செய் என்று நீங்கள் சொல்ல வேண்டாம் சார், ஸ்கேன் எடு என்று சொல்லுங்கள். இரண்டு காதுக்கும். ‘போதும்’ என்று அவர் சொல்வது இன்றைய நிலவரத்தை வைத்து. மூளைக்காய்ச்சல் காது இன்று இருப்பதுபோல நாளை இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. மிச்சம் இருக்கும் கேட்பும் பிறகு குறையலாம், அதனால் அதை அடிக்கடி அளக்க வேண்டும். போன காதில் அடைப்பு முற்றிவிட்டால், ஐந்து வருடம் கழித்து மற்றதும் மோசமாகி ‘சரி, அந்தக் காதில் வைத்துவிடலாம்’ என்று வந்து நின்றால், கதவு பூட்டிக் கிடக்கும். தெரிந்து வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை. தெரியாமல் சொல்லக் கூடாது, அதுதான் என் கவலை.

வகுப்பில் கேட்கும் காது உங்கள் பக்கம் வருகிற மாதிரி முன்பெஞ்சில் உட்கார வையுங்கள். போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். மந்தமாகிவிட்டான், பிடிவாதம் பிடிக்கிறான் என்று யாராவது சொன்னால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகளுக்கு இப்போது நாலு வயது. காய்ச்சல் வந்து இரண்டு வருடமாகிறது. பணம், காகிதம், அலைச்சல் என்று நாள் போய்விட்டது. இப்போது ஸ்கேனில் ‘இரண்டு பக்கமும் எலும்பு அடைப்பு’ என்று வந்திருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டதா?
– ஒரு தந்தை, சேலம்

முடியவில்லை. ஆனால் சுலபமாக இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

ரிப்போர்ட்டில் ‘அடைப்பு’ என்ற ஒற்றை வார்த்தை போதாது. எத்தனை மில்லிமீட்டர், எந்தச் சுற்றில் என்பதுதான் கேள்வி. சுருள் இரண்டரைச் சுற்றுக்கு மேல் போகும். வாசலில் சில மில்லிமீட்டர் மட்டும் எலும்பு என்றால் அதைக் குடைந்து தாண்டினால் அப்பால் வழி இருக்கும், இழை முழுதாகப் போய்விடும். சுருளுக்குள் கீழ்க்குழாய், மேல்குழாய் என்று இரண்டு உண்டு, பெரும்பாலும் கீழேதான் முதலில் அடைக்கும்; மேலே திறந்திருந்தால் அதன் வழியே விடுவார்கள். இன்னும் மோசம் என்றால் இழையே இரண்டாகப் பிரிந்த கருவி இருக்கிறது, அடிச்சுற்றில் ஒன்று, அடுத்த சுற்றில் ஒன்று என்று இரண்டு துளை போட்டு வைப்பார்கள். எத்தனை மின்முனை உள்ளே போகிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். மின்சாரம் கூட்டி வைக்க வேண்டி வந்தால் பக்கத்தில் ஓடும் முக நரம்பு துடித்து முகம் இழுக்கலாம், அப்போது மேப்பிங்கில், அதாவது கருவியின் மின் அளவுகளைச் சரிசெய்யும்போது, சில முனைகளை அணைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட அறுவையை நிறையச் செய்த கைதான் இதற்கு வேண்டும். முன்பு எத்தனை அடைப்புக் காதுகளுக்கு வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுருள் முழுவதும் கல்லாகிவிட்டால், சுருளையே விட்டுவிட்டு மூளைத்தண்டின் மேல் மின்முனைத் தகடு வைக்கும் கருவி ஒன்று உண்டு. 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலில் வைத்தார்கள், நரம்புக் கட்டியால் கேட்காமல் போனவருக்கு. சென்னையிலும் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். மண்டையைத் திறக்கும் பெரிய அறுவை அது. பல குழந்தைகளுக்குச் சத்தம் வருவது தெரியும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள உதவும், அதற்கு மேல் எவ்வளவு என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும்.

காப்பீடு பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு, உங்கள் மகள் இன்னும் அந்த வயதுக்குள்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் கிடைக்க உதவும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டமும் இருக்கிறது. இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு, விண்ணப்பத்தோடு ‘மூளைக்காய்ச்சலால் வந்தது, எலும்பு அடைப்பு வளரும், தாமதிக்கக் கூடாது’ என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். வரிசையில் அதுவும் ஒரு ஃபைலாகக் கிடப்பதும் மேலே வருவதும் அந்த ஒரு தாளில் இருக்கலாம்.

ஐயா, இன்னொன்று. கருவி வருகிறதோ இல்லையோ, சைகை மொழியை இன்றே தொடங்குங்கள். சைகை கற்றால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்துவார்கள். இரண்டு வருடமாக ஒரு மொழியும் இல்லாமல் அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: ஒருமுறை மூளைக்காய்ச்சல் வந்தாயிற்று, இனி தடுப்பூசி எதற்கு? அப்புறம், இம்ப்ளான்ட் வைத்தபின் எம்.ஆர்.ஐ.யே எடுக்கக் கூடாது என்கிறார்களே?
– வாசகி, ஈரோடு

ஒருமுறை வந்தது மறுமுறை வராது என்பது அம்மைக்குச் சரி, இதற்குச் செல்லாது. நிமோகாக்கஸில் பல வகைகள் உண்டு. உள்காதில் கருவி இருக்கும் குழந்தைக்கு மற்றவர்களைவிட மூளைக்காய்ச்சல் ஆபத்து கூடுதல், 2002-இலேயே இது தெரிய வந்துவிட்டது. அதனால் நிமோகாக்கல் ஊசி கட்டாயம். முடிந்தால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுவார்கள், இரண்டு வயதுக்கு மேல் இன்னொரு வகை ஊசியும் உண்டு. அடைப்பு வேகமாக வளரும் குழந்தைக்கு அந்த இரண்டு வாரம் காத்திருக்கலாமா என்பதை டாக்டர் எடை போட்டுச் சொல்வார். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் பாருங்கள்: அரசு அட்டவணையில் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று இந்த ஊசி இலவசம். மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான ஹிப்புக்கான ஊசி ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்ந்தே வருகிறது. அந்த ஐந்து நோய் ஊசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான்.

எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்பதில்லை. உள்ளே இருக்கும் கருவியில் காந்தம் இருக்கிறது. எந்த மாடல், எத்தனை டெஸ்லா (காந்த சக்தியின் அளவு) மெஷினில் எடுக்கலாம், தலையில் கட்டுப் போட வேண்டுமா, காந்தத்தை எடுத்துவிட வேண்டுமா என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். எடுத்தாலும் காந்தம் இருக்கும் பக்கம் படம் கறுப்பாக மறைந்துவிடும், அந்தக் காதை அப்புறம் அந்த மாதிரிப் பார்க்க முடியாது; முதலிலேயே எல்லாப் படத்தையும் ஒழுங்காக எடுத்துவிடச் சொல்வது இதனாலும்தான். அறுவை முடிந்ததும் ஒரு அட்டை தருவார்கள். ஃபோட்டோ எடுத்து அப்பா, அம்மா இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், அசல் அட்டை பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கட்டும்.